மூச்சு வாங்கும் பிராணியை முதலில் தொடாதீர்கள்

"டாக்டர், எங்க பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு விடுது. வெயில்தானே காரணம்?"

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கேள்வி போனில் வந்துகொண்டே இருக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் நாய் வளர்த்துப் பழகியவர்கள். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதைப் பார்த்தவர்கள், பூனையும் அதையேதான் செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஓடி விளையாடியதா, சும்மா உட்கார்ந்திருந்ததா? சும்மா உட்கார்ந்திருந்த பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால், அடுத்த கேள்வி கிடையாது. கூண்டில் வைத்து உடனே கிளம்பி வரச் சொல்லிவிடுவேன்.

நாயின் இரைப்பு உண்மையில் ஓர் அழகான ஏற்பாடு. நன்றாகச் சூடேறிய நாய் நிமிடத்துக்கு 300 முறை வரை இரைக்கும். நாமெல்லாம் அந்த வேகத்தில் மூச்சு விட்டால் உடம்பிலுள்ள கரியமில வாயு போய்விடும், தலை சுற்றி விழுந்துவிடுவோம். நாய் விழுவதில்லை. இரைக்கும்போது அது இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதி மூக்கு, வாய், தொண்டை, மூச்சுக்குழல் வரை போய்த் திரும்பிவிடுகிறது. இந்த இடங்களில் வாயுப் பரிமாற்றம் கிடையாது, ஈரம் மட்டும் ஆவியாகும். ஈரம் ஆவியானால் சூடு குறையும். இவ்வளவு வேகமாக இரைப்பதற்கே சக்தி செலவாகி இன்னும் சூடேறாதா என்று கேட்கலாம். ஊஞ்சலை அது ஆடும் போக்கில் தள்ளினால் விரல் நுனி போதும், இல்லையா? நெஞ்சுக்கூட்டுக்கும் அப்படி இயல்பான ஓர் அசைவு வேகம் உண்டு. நாய் இரைப்பது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான்.

பூனைக்கு இந்த ஏற்பாடு இரண்டாம்பட்சம். அது ரோமத்தை நக்கி நனைத்துக்கொள்ளும், குளிர்ந்த தரையைத் தேடிப்போய்ப் படுக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் கடும் வெப்பமோ, கடும் பயமோ, ஓடிய களைப்போ இருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் நெஞ்சுக்குள் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. படித்து முடித்த புதிதில் ஒரு சாம்பல் நிறப் பெண் பூனை வந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, விலா அடிக்கிறது என்றார்கள். முழங்கைகளை உடம்பிலிருந்து விலக்கி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தது. படிப்பில் சொல்லித் தந்த எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன்: எடை பார்த்தேன், வெப்பமானி வைத்தேன், காலைப் பிடித்து இரத்தம் எடுத்தேன், பிறகு எக்ஸ்ரேவுக்கு மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டோம். படம் வருவதற்குள் பூனை போய்விட்டது. அதன் பிறகு நெஞ்சில் ஊசி போட்டுப் பார்த்தேன். சிரிஞ்சு சிரிஞ்சாக மஞ்சள் நிறத்தில் நீர் வந்தது. அந்தப் பூனையைக் கொன்றது அந்த நீர் பாதி, நான் பாதி.

அப்படியென்ன நடந்தது? ஒரு நிமிடம் மல்லாக்கப் படுத்ததற்கு உயிர் போகுமா?

கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'சாச்சுரேஷன்' என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. விரலில் கிளிப் மாட்டி 97, 95, 92 என்று பார்த்தோம். ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1974-இல் கண்டறிந்த முறை அது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவு என்பது வேறு கணக்கு. இரண்டும் நேர்கோட்டில் போவதில்லை. அதுதான் இங்கே விஷயம்.

தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசம் இருந்தால் சாச்சுரேஷன் 97 அல்லது 98. அழுத்தம் 80-க்கு இறங்கினாலும் 95. அறுபதுக்கு இறங்கினால் 90. நாற்பது மி.மீ. போயும் எட்டு புள்ளிதான் குறைந்திருக்கிறது. பார்க்கிறவருக்கு '90 இருக்கே, பரவாயில்லையே' என்று தோன்றும். அறுபதுக்குக் கீழேதான் ஆபத்து. அங்கிருந்து இன்னும் இருபது இறங்கினால் சாச்சுரேஷன் 75. நாய்க்கும் பூனைக்கும் இந்த எண்கள் சற்று மாறும், பூனைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மாறும். வளைவின் வடிவம் ஒன்றுதான். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி மாதிரி. நடுவில் நிற்கும்வரை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தெரியாது. ஓரத்துக்கு வந்தபின் ஒரு எட்டு போதும்.

என்னிடம் வந்த பூனை அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. முழங்கையை விலக்கி, கழுத்தை நீட்டி, நெஞ்சைத் தரையில் அமர்த்தி உட்கார்ந்திருந்ததே, அது தனக்கு மிச்சமிருந்த கொஞ்சம் நுரையீரலை முழுக்கப் பயன்படுத்தும் ஒரே நிலை. அதிலிருந்து நான் அதை இழுத்துப் புரட்டினேன். நீர் இடம் மாறி, வேலை செய்துகொண்டிருந்த பகுதியையும் அமுக்கியது. பயத்தில் திமிறியதால் தசைகளுக்கு ஆக்சிஜன் தேவை கூடியது. வரவு குறைந்து செலவு கூடிய அந்த ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

அதனால் இப்போது என் வழக்கம் வேறு. மூச்சு வாங்கும் பிராணி வந்தால் ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்ப்பேன். உரிமையாளருக்கு எரிச்சல் வரும். "என்ன டாக்டர், சும்மா பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் பழுது எங்கே என்பதைப் பாதிக்குமேல் சொல்லிவிடுவது அந்த ஒரு நிமிடம்தான். ஆக்சிஜன் மூக்கில் நுழைந்து திசுக்களுக்குப் போய்ச் சேரும் வழி நீளமானது. எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து மூச்சின் சத்தமும் தாளமும் மாறும்.

பக் நாயின் தொண்டை

சத்தத்தோடு மூச்சு விடும் பிராணிக்குப் பழுது பெரும்பாலும் மேல் பகுதியில். குறட்டை போன்ற சத்தம் என்றால் மூக்கு, அண்ணம், தொண்டைப் பக்கம். கீச்சென்று விசில் போல வந்தால் குரல்வளை. ஸ்டெதஸ்கோப் தேவையில்லை, வரவேற்பறையிலிருந்தே கேட்கும். இழுக்கும் மூச்சு நீளமாக, சிரமமாக இருக்கும். விடும் மூச்சு எளிதாகப் போகும்.

ஏன் இழுக்கும்போது மட்டும்? ஜூஸ் கடையில் மெலிந்த பேப்பர் ஸ்ட்ராவால் வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், ஸ்ட்ரா உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நெஞ்சுக்கு வெளியே இருக்கும் குழாய்ப் பகுதி இழுக்கும்போது இப்படித்தான் உள்வாங்கும். நெஞ்சுக்கு உள்ளே இருக்கும் குழாய்க்கு இது தலைகீழ். மூச்சு விடும்போது சுற்றியுள்ள அழுத்தம் கூடி அதை நெருக்கும். ஆஸ்துமா உள்ள பூனை மூச்சை வெளியே தள்ளத்தான் வயிற்றை முக்கும். வயதான பாமரேனியன் நாய்களுக்கு மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துபோய், வாத்து கத்துவது போல ஒரு இருமல் வரும். தளர்ச்சி கழுத்திலா நெஞ்சுக்குள்ளா என்பதைப் பொறுத்து அதற்கு எந்த மூச்சு சிரமம் என்பதும் மாறும்.

பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் வகைகள் இப்போது நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. முகத்தைச் சப்பையாக்க எலும்பைக் குட்டையாக்கினார்கள். உள்ளேயிருக்கும் சதையை யாரும் குட்டையாக்கவில்லை. சிறிய மூக்குத் துளை, நீண்டு தொங்கும் அண்ணம், சில நாய்களுக்கு உடம்புக்கேற்ற அளவில் இல்லாத ஒல்லியான மூச்சுக்குழல். குழாயின் ஆரம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்று பள்ளியில் படித்த கணக்கு இது. காற்று சீராகப் போகாமல் சுழன்றடித்தால் அதைவிடவும் மோசம். இதனால்தான் அண்ணத்தில் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் பெரிய லாப்ரடாருக்கு ஒன்றுமே இல்லை, பக் நாய்க்கு உயிர்ப் பிரச்சினை.

அப்புறம் அது ஒரு வட்டமாகச் சுழல ஆரம்பிக்கும். வெயிலில் நடந்து வந்த பக் சூட்டைத் தணிக்க இரைக்கிறது. இறுக்கமான வழியில் பலமாக இழுப்பதால் சதை உள்வாங்கி வீங்குகிறது. வீங்கியதால் வழி இன்னும் குறுகுகிறது. இன்னும் பலமாக இழுக்கிறது. இழுக்கும் உழைப்பிலேயே உடம்பு மேலும் சூடேறுகிறது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நாக்கிலிருந்து ஈரம் சரியாக ஆவியாகவும் மாட்டேன் என்கிறது. மதுரையின் வறண்ட 40 டிகிரியைச் சமாளித்துவிடும் நாய் சென்னையின் புழுக்கமான 36-இல் விழுந்துவிடக்கூடும்.

இந்த வட்டத்தை உடைக்க முதலில் கொடுப்பது மயக்கம் தரும் மருந்து என்றால் பலருக்கு அதிர்ச்சி. மூச்சுத் திணறும் நாய்க்குத் தூக்க மருந்தா? ஆமாம். பியூட்டார்ஃபனால் போன்ற ஒன்றைச் சிறிய அளவில் போட்டால் பதற்றம் அடங்கும். பதற்றம் அடங்கினால் மெதுவாக இழுக்கும், மெதுவாக இழுத்தால் சதை உள்வாங்குவது குறையும். பத்து நிமிடத்தில் சத்தம் பாதியாகக் குறைவதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூடவே தண்ணீர் தெளித்து மின்விசிறி வைத்துச் சூட்டைத் தணிக்க வேண்டும். அப்படியும் அடங்கவில்லையென்றால் தயங்காமல் முழு மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் போட்டுவிட வேண்டும். வயதான லாப்ரடாருக்கு வரும் குரல்வளை வாதத்துக்கும் இதே கதைதான். குரல்வளையைத் திறக்கும் தசைக்குப் போகும் நரம்பு செயலிழந்து, கதவு பாதி சாத்திய நிலையிலேயே நின்றுவிடுகிறது. குரைக்கும் குரல் மாறிவிட்டது என்று வீட்டில் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் அதை மூச்சோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் கூண்டு இல்லாத இடங்களில், கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பின் வாயைச் சமையலறை கிளிங் ஃபிலிமால் மூடி, கீழிருந்து ஆக்சிஜன் டியூபைச் செருகிவிடுவோம். நல்ல உத்தி, செலவும் இல்லை. மேலே கொஞ்சம் திறந்து விட மறந்தால் கரியமில வாயுவும் சூடும் உள்ளேயே தேங்கும். சூட்டில் வந்த பக் நாயைக் காப்பாற்றப் போய் அவித்துவிடக் கூடாது.

சத்தமில்லாத மூச்சு

சத்தம் எதுவும் இல்லாமல் வேகமாக, மேலோட்டமாக மூச்சு ஓடினால் நான் நெஞ்சுக்குள் பார்ப்பேன். நுரையீரலுக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே மெல்லிய இடம் ஒன்று உண்டு. இயல்பாக அதில் சில துளி ஈரம் மட்டும்தான் இருக்கும். அங்கே நீரோ, சீழோ, இரத்தமோ, காற்றோ சேர்ந்தால் நுரையீரலுக்கு விரிய இடமிருக்காது. ஆழமாக இழுக்க முடியாததால் சின்னச் சின்னதாக இழுக்கும். கூடவே கவனிக்க வேண்டியது வயிறு. இயல்பாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்தே வெளியே வரும். நெஞ்சில் நீர் கோத்த பூனைக்கு நெஞ்சு வெளியே வரும்போது வயிறு உள்ளே போகும், சீசா பலகை மாதிரி மாறி மாறி. உதரவிதானம் கீழே தள்ளுவதற்குப் பதிலாக மேலே இழுபடுகிறது என்று அர்த்தம். இந்த அசைவைப் பார்த்தால் எக்ஸ்ரே பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே ஸ்கேன் புரோபை விலாவில் வைத்தால் நீர் கறுப்பாகத் தெரியும். அரை நிமிட வேலை. ஸ்கேன் இல்லையா, நேராக ஊசியே பரிசோதனை, ஊசியே சிகிச்சை. ஏழாவது, எட்டாவது விலா எலும்புகளுக்கு இடையில், நீர் என்றால் கீழ்ப்பக்கமாக, காற்று என்றால் மேல்பக்கமாக. எலும்பின் முன் விளிம்பை ஒட்டித்தான் நுழைய வேண்டும், பின் விளிம்பின் அடியில் இரத்தக் குழாய் ஓடுகிறது. பட்டர்ஃபிளை ஊசி, மூன்று வழித் திருகி, பெரிய சிரிஞ்சு. முதல் 50 மி.லி. வரும்போது பூனை இன்னும் முறைத்துக்கொண்டிருக்கும். நூறு தாண்டும்போது வாய் மூடும். நூற்றைம்பது வந்தபின், நான்கு கிலோ பூனை திரும்பிப் பார்த்து என் கையைக் கடிக்க வரும். அந்தக் கடி வரும்போது எனக்கு இருக்கும் சந்தோஷம் சொல்லி மாளாது.

எடுத்த நீரே பாதி நோயைச் சொல்லிவிடும். பால் போல இருந்தால் நிணநீர்க் கசிவு, நாற்றமடித்தால் சீழ், இளம் பூனையிடமிருந்து வைக்கோல் நிறத்தில் பிசுபிசுப்பாக வந்தால் பூனைகளின் கொரோனா வைரஸ் நோய் பற்றிச் சந்தேகம் வரும். இதயக் கோளாறும் பூனைகளுக்கு இப்படி நெஞ்சில் நீர் கோக்க வைக்கும்.

நுரையீரலுக்கு உள்ளேயே நீர் இறங்கிவிட்டால் கதை வேறு. அங்கே ஊசியால் எடுக்க எதுவும் இல்லை. காற்று நுண்ணறைகளில் சில நீரில் மூழ்கிக் கிடக்கும், சில நன்றாக இருக்கும். இரத்தம் இரண்டுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். மூழ்கிய அறையைச் சுற்றி ஓடும் இரத்தம் ஆக்சிஜன் பெறாமலேயே கடந்து போய் நல்ல இரத்தத்தோடு கலக்கிறது. நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தாலும் அந்த அறைக்குள் காற்றே நுழையாதபோது பலன் குறைவுதான். நல்ல அறைகளின் வழியாகப் போகும் இரத்தம் ஏற்கெனவே நிறைந்து போயிருக்கும், இரண்டாம் முறை நிரப்ப முடியாது. ஆக்சிஜன் வைத்தும் எண் ஏறவில்லையே என்று தவிக்கும் இடம் இதுதான். இதயம் காரணமென்றால் ஃப்யூரோசெமைடு போட்டுச் சிறுநீராக இறக்க வேண்டும். ஒயரைக் கடித்த நாய்க்குட்டிக்கும், தொண்டை அடைத்து பலமாக இழுத்த நாய்க்கும், வலிப்பு வந்த நாய்க்கும்கூட நுரையீரலில் நீர் இறங்கலாம். அவற்றின் இதயம் நன்றாகவே இருக்கும், ஃப்யூரோசெமைடால் பெரிய உதவி இருக்காது.

எண் நன்றாக இருக்கிறது, நோயாளி இறந்துகொண்டிருக்கிறது

வழிகள் திறந்திருக்கின்றன, நுரையீரல் சுத்தம், ஆனால் காற்றை இழுக்கும் பம்ப், அதாவது மூச்சுத் தசைகள், நின்றுகொண்டிருக்கிறது. நம் ஊரில் இதற்கு முதல் உதாரணம் பாம்புக்கடி. நல்ல பாம்பைப் பார்த்து நாய் குரைக்கும், மோதும், முகத்திலோ காலிலோ கடிபடும். நல்ல பாம்பின் விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் தசைப்பக்க வாயிலை அடைத்துவிடும். கட்டுவிரியன் விஷம் நரம்பின் முனையையே கெடுத்துவிடும். இமை தொங்கும், பின்னங்கால் தள்ளாடும், குரல் மாறும், கடைசியில் உதரவிதானம் ஓயும். இந்த நாய் திமிறாது, விலா அடிக்காது, சத்தம் போடாது. அமைதியாகப் படுத்திருப்பதால் பரவாயில்லை என்று தோன்றும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அதில் நுரையீரலின் ஈரத்துக்கு 47 கழித்தால் 713. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஆகவே 150. அதிலிருந்து கரியமில வாயுவின் அழுத்தத்தை 0.8-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். இயல்பான 40 என்றால் 50 போகும், நுண்ணறையில் 100 மிஞ்சும். மூச்சு மெலிந்து கரியமில வாயு 80-க்கு ஏறினால் 100 போகும், மிஞ்சுவது 50. மொட்டை மாடியின் ஓரத்தைத் தாண்டியாயிற்று. இப்போது 40 சதவீத ஆக்சிஜன் வைக்கிறோம். வரவு 285 ஆகிறது, 100 கழித்தாலும் 185. சாச்சுரேஷன் 99 காட்டும், ஈறு ரோஸ் நிறத்தில் இருக்கும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கரியமில வாயு மட்டும் 80-லிருந்து 90, 100 என்று ஏறிக்கொண்டே போகும். இரத்தம் அமிலமாகும், மூளை மயங்கும், இதயம் நிற்கும். ஆக்சிஜன் வைத்ததால் எச்சரிக்கை மணியைத் துண்டித்துவிட்டோம், அவ்வளவுதான்.

மனித மருத்துவம் இந்தப் பாடத்தை 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் படித்தது. போலியோ பரவி, பிளெக்டாம் மருத்துவமனைக்கு மூச்சுத் தசை செயலிழந்து முதலில் வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். இரத்தத்தில் கரியமில வாயுச் சத்து கூடியிருப்பதைப் பார்த்து, ஏதோ காரத்தன்மைக் கோளாறு என்று நினைத்தார்கள். பியோன் இப்சென் என்ற மயக்க மருத்துவர்தான், இவர்கள் மூச்சு விடவே இல்லை, அதனால்தான் வாயு தேங்குகிறது என்றார். தொண்டையில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும் என்றார். எந்திரங்கள் போதாததால் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டு, இரவும் பகலுமாகப் பை அமுக்கினார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது.

பாம்பு கடித்த நாய்க்கும் நாங்கள் செய்வது அதுவே. குழாய் போட்டு, 'ஆம்பு' எனப்படும் மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்க ஆரம்பித்து, விஷமுறிவு மருந்தை ஏற்றுவோம். மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. நல்ல பாம்பு என்றால் நியோஸ்டிக்மின் என்ற மருந்தும் கைகொடுக்கும், கட்டுவிரியனுக்கு அதை நம்ப முடியாது. பை அமுக்குவது மணிக்கணக்கில் போகலாம். ஒருமுறை நாயின் சொந்தக்காரரும் அவர் மச்சானும் விடிய விடிய மாறி மாறி அமுக்கினார்கள். காலையில் நாய் வாலை லேசாக அசைத்தது. அதுவரை பெயர்கூடச் சொல்லாத மச்சான் அப்போதுதான் காபி கேட்டார்.

எண் ஏமாற்றும் இன்னொரு இடம் உண்ணிக் காய்ச்சல். பேபீசியா, எர்லிக்கியா கிருமிகளால் இரத்தம் குறைந்த நாய் வேகமாக மூச்சு விடும். சாச்சுரேஷன் 98 காட்டும், நுரையீரலும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஹீமோகுளோபின் 15 இருக்க வேண்டிய இடத்தில் 4. ஒவ்வொரு கிராமும் 1.34 மி.லி. ஆக்சிஜன் சுமக்கும் என்று கணக்குப் போட்டால், 100 மி.லி. இரத்தத்தில் இருபது மி.லி. இருக்க வேண்டியது ஐந்துதான் இருக்கிறது. பேருந்துகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன, ஓடுவது நாலு பேருந்துதான். இதற்கு ஆக்சிஜன் தற்காலிகம், வேண்டியது இரத்தம். இந்த நாயின் ஈறு நீலமாகவும் ஆகாது. நீலம் தெரிய, 100 மி.லி. இரத்தத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஐந்து கிராமாவது வேண்டும். மொத்தமே நாலு இருக்கும் நாய் வெளிறித்தான் போகும். ஈறு நீலமாகவில்லையே என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பூனைக்கு யாராவது பாராசிட்டமால் கொடுத்தாலும் இப்படித்தான். காய்ச்சலாக இருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையில் ஒன்றைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. ஒரே மாத்திரை கொல்லும். ஹீமோகுளோபின் ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறி, ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். விரல் கருவி குழம்பிப்போய் 85-ஐ ஒட்டி நின்றுவிடும். ஊசி போடும்போது வரும் இரத்தத்தின் நிறமே காட்டிக்கொடுக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்தை உடனே தொடங்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பூனைக்குப் பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம்.

மாடும் விதிவிலக்கு அல்ல. பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் கால்நடை மருந்தகங்களில் ஒரு வரிசை நிற்கும். ஆசையாக ஊட்டிய சர்க்கரைப் பொங்கலும் சோறும் முதல் வயிற்றில் புளித்து அமிலமாகி, மாடு வேகமாக மூச்சு விடும். நுரையீரலில் எதுவும் இல்லை. இரத்தத்தில் ஏறிய அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளத்தான் அந்த மூச்சு. அதை நிறுத்தப் பார்ப்பது தவறு, அமிலத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். வாயு சேர்ந்து வயிறு உப்பிவிட்டால் மட்டும் அவசரம் வேறு மாதிரி. முதல் வயிறு உதரவிதானத்தை முன்னால் தள்ளி நுரையீரலை நெருக்கும். வாய்வழிக் குழாய் போடவும் நேரமில்லாமல் மாடு சாய ஆரம்பித்தால், இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ட்ரோக்கார் என்ற கூர்முனைக் குழாயைக் குத்துவோம். புஸ்ஸென்று வாயு வெளியேறும் சத்தத்தில் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் போவார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பூனையை வாரி அணைத்துக்கொண்டு பைக்கில் வராதீர்கள். மேல்மூடி கழற்றக்கூடிய கூண்டு நல்லது. நான் மூடியைக் கழற்றி, பூனை உட்கார்ந்தபடியே இருக்க ஊசி போட்டுவிடலாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பக் நாய் என்றால் நனைத்து, ஏசி போட்ட வண்டியில் கிளம்புங்கள். கிளி, காதல் பறவை என்றால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் காற்றுப் பைகள் இயங்கும். இறுக்கிப் பிடித்தால் மூச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிராணி நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாயோ பூனையோ, தூக்கத்தில் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். இதய நோய் இருக்கும் பிராணி என்றால் காலண்டரில் தினமும் குறித்து வையுங்கள். போன மாதம் ஒரு அம்மா தினசரி காலண்டரையே கிழித்து எடுத்து வந்தார். ராசிபலனுக்குப் பக்கத்தில் பென்சிலில் 22, 21, 24, 23, 31, 38. பூனை அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, சாப்பிட்டும் இருந்தது. புரோபை வைத்துப் பார்த்தேன், நெஞ்சின் கீழ்ப்பகுதியில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை.